கூண்டுக்குள் சனிக்கிழமைகள்

சுகர் கிளைடர் கடித்தால் கையை உதறக் கூடாது. உதறினால் கீழ்ப்பற்கள் இரண்டும் இன்னும் ஆழமாக இறங்கும். கையை அசைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதுவாக விடும்வரை நிற்க வேண்டும். ஒன்பதாவது கடியில்தான் எனக்கு அது கைவந்தது. ஒன்பது என்று அடித்துச் சொல்ல முடிகிறது, எல்லாக் கடியையும் எழுதி வைத்திருக்கிறேன்.

எழுதுவது எனக்குப் பழக்கம். கல்யாணமாகிக் கணபதி என்கிற இந்த ஊருக்கு வந்த வருடத்திலிருந்து நாட்குறிப்பு விட்டுப்போனதில்லை. குழாயில் தண்ணீர் வந்த நாள், சிலிண்டர் மாற்றிய நாள், யார் வந்தார்கள், என்ன பேசினார்கள். என் வேலையும் அதே மாதிரிதான். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்றில் தர ஆய்வு பார்க்கிறேன். நாளெல்லாம் மைக்ரோமீட்டரைத் திருகி, அளவைப் படித்து, எழுதி, கையெழுத்துப் போடுவது.

அந்த இரண்டு சுகர் கிளைடர்களும் எங்கள் வீட்டுக்கு வந்தது என் வீட்டுக்காரரால். அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அன்னூரிலிருந்து வந்து கற்றுக்கொண்ட ஓர் அம்மாவின் கணவர், முன்பு கறிக்கோழி வளர்த்த கொட்டகையில் இப்போது கிளிகளும் முயல்களும் சுகர் கிளைடர்களும் வளர்க்கிறார். சும்மா பார்க்கப் போன இடத்தில் என் வீட்டுக்காரர் மயங்கிவிட்டார். அணில் போல, உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு, முதுகில் கறுப்புக் கோடு, முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண்கள், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே விரித்துத் தாவ ஒரு தோல். தனியாக வளர்த்தால் ஏங்கிப்போகும் என்று ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகக் கொடுத்தனுப்பினார்கள். அரசு இணையதளத்தில் பதிவு செய்கிற வேலையை நான் முடித்தேன். பெயர் வைக்கவில்லை. இவர் ஆணை மாப்ளே என்றும் பெண்ணை, என்னைக் கூப்பிடுவது போலவே, அம்மணி என்றும் கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது.

முதல் ஐந்து மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. பகலெல்லாம் கூண்டுக்குள் தொங்கும் துணிப்பையில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு தூங்கும். பொழுது சாய்ந்ததும் எழும். பப்பாளித் துண்டு, அவித்த முட்டை, கொஞ்சம் தேன். இவர் பனியனுக்குள் ஆண் ஏறிக்கொள்ளும். என் தோளிலும் வந்து உட்காரும்.

ஐப்பசி மழை தொடங்கிய சமயத்தில் ஆணின் நடுமண்டையில் முடி உதிர ஆரம்பித்தது. சீக்கு என்று பயந்து மருத்துவரிடம் கொண்டுபோனோம். பறவைகள், முயல்கள் பார்க்கும் பெண் மருத்துவர் அவர். அது சீக்கு இல்லை, பருவத்துக்கு வந்த ஆணுக்கு அந்த இடத்தில் வாசனை சுரக்கும், அதனால் வழுக்கை விழும் என்றார்.

"அப்பறம் என்னம்மணி? மாப்ளைக்கும் எனக்கும் ஒரே மண்டை" என்று இவர் தன் தலையைத் தடவிக்கொண்டார்.

அடுத்த வாரமே அது என்னைக் கடித்தது. உணவுக் கிண்ணத்தை வைக்கக் கையை நீட்டினேன். பின்னங்கால்களில் எழுந்து நின்று, கிரைண்டிங் சக்கரத்தில் இரும்பை வைத்தது போல ஓர் ஓசை எழுப்பியது. உள்ளங்கையளவு உடம்பிலிருந்து அந்த ஓசை எப்படி வருகிறது என்று யோசிப்பதற்குள் கட்டைவிரலில் பல் இறங்கிவிட்டது. என்னைக் கடித்ததோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். கார்த்திகை பிறந்த வாரத்தில், ஒரு விடியற்காலை பையை எடுத்துப் பார்த்தபோது பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் முடி பிய்ந்து, தோல் சிவந்து இருந்தது. ஆண் பைக்குள் படுத்திருந்தது. பெண் பைக்கு வெளியே, கூண்டின் மூலையில் கம்பியைப் பிடித்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. பகலில் அது தூங்காமல் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்போதிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டறையில் அளந்த ஷாஃப்டையே இரண்டாம் முறை அளந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடி வந்து பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனேன். இரவில் பின்னறையில் சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்துவிடுவேன். இவர் அன்னூர்க்காரருக்குப் போன் செய்தார். அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார்.

"ஒண்ணும் ரோசன பண்ணாதீங்க. ஆண என்கிட்டயே திருப்பிக் குடுத்துருங்க. இங்க வேற ஜோடி சேத்திக்கறேன். தை நோம்பி முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழம நானே வந்து எடுத்துக்கறனுங்க."

சரி என்று இவரும் சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன். அப்புறம்தான் மருத்துவரிடம் கேட்டேன், பெண்ணைத் தனியாக வைத்துக்கொள்ளலாமா என்று. "சிலது தாங்கிக்கும். சிலது சாப்பாட்ட நிறுத்திடும், தன் வாலையே கடிச்சுக்கும். எதுன்னு முன்கூட்டியே சொல்ல முடியாதுங்க" என்றார். ஆண் இருந்தால் இவளைக் கடித்துக் குதறிவிடும். ஆண் போனால் இவள் தன்னையே கடித்துக்கொள்ளலாம். தை நோம்பிக்கு, அதாவது பொங்கலுக்கு, எட்டு வாரம் இருந்தது. அதற்குள் கடிக்கிற காரணத்தைக் கண்டுபிடித்தால் இரண்டும் ஒன்றாக இருக்கும்.

தனி நோட்டு ஒன்று போட்டேன். நாள், நேரம், அறையின் வெப்பம், சாப்பிட்டது, மிச்சம் வைத்தது, கடி யாருக்கு, எங்கே, எவ்வளவு ஆழம். இரண்டு வாரத்திலேயே ஒன்று தெரிந்தது. சனி, ஞாயிறுகளில் கடி அதிகம். வாரக் கடைசியில்தான் இவர் டிவியைச் சத்தமாக வைத்துப் பழைய படம் பார்ப்பார். அதுதான் காரணம் என்று முடிவு செய்து டிவியை நிறுத்தச் சொன்னேன்.

"ஏம்மணி, ஒரு எலிக்காக நான் படம் பாக்காம இருக்கோணுமா?"

"எலி இல்லீங்க."

"சரி, மாப்ளே. மாமனார் ஊட்டுக்கு வந்த மாப்ளகூட இத்தன ரவுசு பண்ணமாட்டான்."

ஒரு வாரம் டிவி ஊமையாக இருந்தது. கடி குறையவில்லை. பக்கத்துப் பட்டறையின் லேத் சத்தம் காரணமோ என்று கூண்டைப் பின்னறையிலிருந்து முன்னறைக்கு மாற்றினேன். மாற்றுவதற்கு முன் எல்லாக் கம்பிகளையும் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் மாற்றினேன். அன்றிரவு ஆண் மிகவும் மோசமாக இருந்தது. முன்னறையில் வெளிச்சம் அதிகம் என்று திரும்பவும் பின்னறைக்கே கொண்டுபோனேன், மறுபடி கழுவி. அன்றும் அப்படியே. முட்டையை நிறுத்திப் பார்த்தேன். பப்பாளியை மாற்றி மாதுளை கொடுத்தேன். குளிர் என்று ஜன்னலை அடைத்துக் கம்பளியைப் போர்த்தினேன். இவர் கையை மட்டும் அது கடிக்கவே இல்லை. இவர் தேனை விரலில் தொட்டுக் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார் என்று கோபப்பட்டேன்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை கொடுமுடிக்குப் போக வேண்டியிருந்தது. இவருடைய அக்கா மகனுக்குப் பெண் அமையாமல் தள்ளிப்போய்க்கொண்டிருந்ததால் அங்கே பரிகாரம் செய்ய ஏற்பாடு. அந்த அக்காவை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கம் நாத்தனாரைக் கூப்பிடும் முறை. விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். இவர் ஓட்டினார், நங்கையா முன்னால், நான் பின்னால். அவிநாசி தாண்டும்வரை நான் இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் நகர்ந்துகொண்டே இருந்தேன்.

"செத்த நேரம் சும்மா உக்காரம்மணி. காருக்குள்ளயே நடந்துட்டு வாரயா?" என்றார் நங்கையா, திரும்பிப் பார்க்காமலே.

"வெள்ளிக்கெழமங்க நங்கையா. ஊடு கழுவாமப் போட்டுட்டு வந்துட்டேன்."

"ஊடு எங்கீம் ஓடிப்போயிராது" என்றார் இவர். "அப்படியே ஓடுனாலும் ரிவர்ஸ் எடுத்துக் கூட்டியாந்தர்றேன், போதுமா?"

வெள்ளிக்கிழமை வீடு கழுவுவது என் அம்மா வீட்டிலிருந்து வந்த வழக்கம். காலை நான்கரைக்கு எழுவேன். மஞ்சளும் கல்லுப்பும் போட்ட தண்ணீரில் எல்லா அறையும் துடைப்பேன். கதவு, ஜன்னல், நிலை. திரைச்சீலை, தலையணை உறை, கூண்டுப் பை எல்லாம் ஊறவைத்துத் துவைப்பேன். கடைசியில் சாம்பிராணி போட்டு அறை அறையாகக் காட்டுவேன். இதை நாட்குறிப்பில் எழுதியதே இல்லை. எழுத அதில் என்ன இருக்கிறது? பல் துலக்கியதை யாரும் எழுதுவதில்லை.

கொடுமுடியில் ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. கூட்டம். வரிசையில் நிற்கும்போதுகூட நான் வீட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வர இரவு எட்டாகிவிட்டது. அந்த நேரத்துக்கு மேல் வீடு கழுவுவது முறையில்லை. கூண்டில் சாப்பாட்டை வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் விடியற்காலை பார்த்தபோது இரண்டும் பைக்குள் இருந்தன. பெண்ணுக்குப் புதுக் காயம் இல்லை. என் கையைப் பார்த்து ஆண் அந்த ஓசையை எழுப்பியது, ஆனால் பாயவில்லை. ஞாயிறும் அப்படியே. திங்களும் அப்படியே. நங்கையா போன் செய்தபோது சொன்னேன்.

"பாத்தயா! என்ர பையனுக்கு வேண்டிக்கிட்டா உன்ர எலிக்குப் பலிச்சுருக்குது. சாமிக்கு ஆள் மாறிப்போச்சாட்ட இருக்குது" என்றார். பாதி சிரிப்பு, பாதி நிஜ வருத்தம்.

எனக்கு அதில் சந்தோஷப்பட முடியவில்லை. ஒரே ஒரு ஷாஃப்டை அளந்துவிட்டுப் பெட்டி முழுக்கச் சரி என்று நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஒரு வாரம் அமைதி என்று மட்டும் எழுதினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு வாரத்து வேலையையும் சேர்த்துச் செய்தேன். நான்கு மணிக்கே எழுந்துவிட்டேன். கூண்டைத் தாழ்வாரத்துக்குத் தூக்கி வந்து, விடிந்ததும் தூங்கப்போன இரண்டையும் ஓர் அட்டைப் பெட்டிக்கு மாற்றி, கம்பிகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். துணிப்பையைச் சோப்புத்தூளில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, கும்மி, கடைசித் தண்ணீரில் துணிக்கு வாசனை தரும் திரவத்தை வழக்கத்தைவிட ஒரு மூடி கூடுதலாக ஊற்றினேன். வெயிலில் காயவைத்து, சாம்பிராணி காட்டி, மாட்டினேன். அவையும் இந்த வீட்டு உயிர்கள்தானே என்று கூண்டைச் சுற்றியும் ஒரு முறை புகை காட்டினேன். பை புதுசு போல் மணத்தது. அப்படி ஒரு திருப்தி.

சனிக்கிழமை விடியும்போது பெண்ணின் இடது காது கிழிந்திருந்தது. ஒரு மிளகாய் விதை அளவு துண்டு காதில் இல்லை. கூண்டின் அடித்தட்டில் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் காய்ந்திருந்தது. கையில் எடுத்தபோது அது கடிக்கவோ கத்தவோ இல்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டு நடுங்கியது. அந்த நடுக்கம் என் மணிக்கட்டு வரைக்கும் வந்தது.

இவர் காரை எடுக்கப் போனார். மருத்துவர் வரப் பத்து மணி ஆகும். பெண்ணைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் நோட்டைப் புரட்டினேன். மருத்துவர் கேட்டால் சொல்ல வேண்டுமே என்றுதான் புரட்டினேன். கடி, சனி. கடி, சனி. கடி, ஞாயிறு. நடுவில் புதன்கிழமைகள் இரண்டு. அந்தப் புதன்கள் கூண்டை இடம் மாற்றிய நாட்களுக்கு மறுநாள். இடம் மாற்றிய நாள் என்ன செய்தேன்? கழுவினேன். வெள்ளிக்கிழமை என்ன செய்தேன்? கழுவினேன். கொடுமுடி போன வெள்ளி? நோட்டில் வெப்பம் இருந்தது, மாதுளை எத்தனை முத்து என்பது இருந்தது. கழுவியது ஓர் இடத்திலும் இல்லை. அதற்கு ஒரு கட்டமே நான் போடவில்லை.

உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். மடியிலிருந்தது அசைந்ததால் திரும்ப எழவில்லை.

மருத்துவர் காதைச் சுத்தம் செய்து மருந்து வைத்தார். நான் வெள்ளிக்கிழமை செய்வதையெல்லாம் நான்கரை மணியிலிருந்து வரிசையாகச் சொன்னேன். சாம்பிராணி என்றதும் அவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"கூண்டுக்கும் காட்டுனீங்களா?"

"சுத்தியும் ஒரு தடவ காட்டுனனுங்க டாக்டர்."

"இனிமே புகையே வேண்டாங்க, அதோட நுரையீரல் தாங்காது." பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்த ஆண் தன் மண்டையைத் தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் இது என் இடம், இது என் ஆளுன்னு வெச்சிருக்கும். பையிலயும் அந்த வாசனைதான். அவ மேலயும் அந்த வாசனைதான். நீங்க வாராவாரம் மொத்தத்தையும் அழிச்சிடறீங்க. பொழுது சாஞ்சு எந்திரிச்சா எல்லாம் வேற எடம். பக்கத்துல படுத்திருக்கறதுமேல சோப்பு வாசம் அடிக்குது. வேத்து ஆள் வந்துருச்சுன்னுதான் அது கடிக்குது."

"என்ர கையையும் கடிக்குதுங்களே?"

"கூண்டுகிட்டப் போறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"கை கழுவுவேன்."

"எதுல?"

பின்னால் நின்ற இவர் சொன்னார். "லிக்விட் சோப்புங்க டாக்டர். எலுமிச்ச வாசன ஒரு வாரம், ரோசாப்பூ ஒரு வாரம். எனக்கே சில நாள் பொண்டாட்டி மாறிப்போச்சான்னு சந்தேகம் வரும்."

மருத்துவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்ணின் காதில் இல்லாத அந்தத் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னபடி முதலில் பிரித்து வைத்தோம். இரண்டு கூண்டு, பக்கத்தில் பக்கத்தில், ஒன்றன் கை மற்றதை எட்டாத இடைவெளியில். தினமும் ஆணின் பையைப் பெண்ணுக்கும் பெண்ணின் பையைத் திருப்பி ஆணுக்கும் மாற்றினோம். துவைக்காத பை. மிஞ்சிய சாப்பாட்டை எடுக்கலாம், அடித்தட்டை வெறும் தண்ணீரில் துடைக்கலாம், அவ்வளவுதான். கூண்டுக்குப் போகும் முன் என் கைக்கு வெறும் தண்ணீர். வந்த பிறகு எந்தச் சோப்பு வேண்டுமானாலும். என் கையிலும் அந்த வாசனை ஒட்டட்டும் என்று, பழைய பையிலிருந்து வெட்டிய ஒரு துண்டுத் துணியை மாலையில் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு சமைத்தேன். ரசத்தின் வாசனைக்கு நடுவே அந்த வாடை, ஈரச் சாக்கும் பழைய பழமும் கலந்தது போல, அடித்துக்கொண்டே இருந்தது.

எனக்கு அந்தப் பத்து நாட்கள் சாதாரணமாகப் போகவில்லை. முதல் வெள்ளிக்கிழமை நான்கரைக்கு விழிப்பு வந்துவிட்டது. மற்ற அறைகளைக் கழுவினேன், சோப்பு வாசம் உள்ளே போகாமலிருக்கப் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு. துணிகளைத் துவைத்தேன். அப்புறமும் கை நிற்கவில்லை. ஏற்கெனவே துடைத்த ஷெல்ஃபிலிருந்து டப்பாக்களை இறக்கித் திரும்ப அடுக்கினேன். பின்னறைக் கதவுக்கு வெளியே நின்று மோந்து பார்த்தேன். உள்ளே போனேன். பையைக் கொக்கியிலிருந்து எடுக்கக்கூட எடுத்துவிட்டேன். அதன் அடியில் கறை. உள்ளே ஆண் புரண்டு படுத்தது துணி வழியாகத் தெரிந்தது. திரும்ப மாட்டிவிட்டு, பட்டறைக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்பிப் போய்விட்டேன்.

பதினோராம் நாள் மாலை சேர்த்துப் பார்த்தோம். இரண்டுக்கும் சொந்தமில்லாத இடமாக இருக்க வேண்டும் என்பதால் ஈரமில்லாத குளியலறைத் தரை. இவர் ஒருநாள் முழுக்கப் போட்டிருந்த பனியனை நடுவில் விரித்தார். ஆணை அவரும் பெண்ணை நானும் விட்டோம். என் கையில் ஒரு தடித்த துண்டு, பாய்ந்தால் நடுவில் போட.

ஆண் பனியன்மேல் ஏறி நின்றது. பெண் சுவரோரம் ஒட்டிக்கொண்டது. ஆண் அருகே போனது. கிழிந்த காதை மோந்தது. எனக்குத் துண்டை எறிந்துவிட வேண்டும் போலிருந்தது.

"இரு, இரு. பிரேக்க மிதிக்காத" என்றார் இவர், கற்றுக்கொள்கிறவர்களிடம் பேசுகிற குரலில்.

ஆண் தலையைக் குனிந்து, அந்த வழுக்கை மண்டையைப் பெண்ணின் கழுத்தடியில் வைத்துத் தேய்த்தது. ஒரு முறை. நின்றது. பிறகு பல முறை. பெண் கண்ணை மூடவில்லை, ஓடவும் இல்லை. அன்றிரவு ஒரே பையில் விட்டோம். நான் தூங்கவில்லை என்று எழுத வேண்டியதில்லை.

அதற்கப்புறம் பெண்ணுக்குக் காயம் படவில்லை. இவர் அன்னூர்க்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றார். நான்தான் தடுத்தேன். இன்னும் இரண்டு சனிக்கிழமைகளாவது பார்க்க வேண்டும். பொய்யான அமைதியை நம்பி அவரை நிறுத்திவிட்டு, பிறகு இவளுக்கு ஏதாவது ஆனால்? கொடுமுடிக்குப் பிறகு ஒரு வாரம் அமைதியாகத்தானே இருந்தது.

நடுவில் நோம்பி வந்தது. பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்டுவது, வாசலில் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் செருகுவதற்கு முன் வீட்டில் ஓர் ஓட்டடை இருக்கக் கூடாது. பரண் வரை இறக்கிக் கழுவினேன். பின்னறையில் மட்டும் தரையை ஈரத்துணியால் துடைத்து நிறுத்திக்கொண்டேன். பொங்கலன்று நங்கையா ஒறம்பரையாக விருந்துக்கு வந்தார். கைப்பையை வைக்கப் பின்னறைக்குள் போனவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏம்மணி, நோம்பியும் அதுவுமா என்ன நாத்தம் இது? நீ இருக்கற ஊட்டுலயா? உன்ர ஊட்டுத் தரைல சோத்தப் போட்டு உண்ணலாம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன் நான்."

"அக்கா, அது உன்ர தம்பி நாத்தம்" என்றார் இவர். "கல்யாணமாகி இத்தன வருசத்துல இப்பத்தான் வெளிய தெரியுது."

நங்கையா சிரித்துவிட்டார். நான் அடுப்படிக்குப் போய்ப் பானையைத் தேவையில்லாமல் கிளறினேன். என் வீட்டைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று மாலையே ஆண் என் சுண்டுவிரலைக் கடித்தது. பொங்கல் சந்தடியில் மறந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கழுவிய கையை நீட்டிவிட்டேன். காரணம் தெரிந்தும் மனம் கலங்கியது. ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. வெள்ளி விடிந்ததும் பார்த்தேன். சனி விடிந்ததும் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஞாயிறு பத்து மணிக்கு அன்னூர்க்காரர் ஸ்கூட்டரில் வந்தார். முன்னால் காற்றுத் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே பழைய துணி விரித்து. காபி குடித்தார். இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன்.

"அண்ணா, ஒரு சமாச்சாரமுங்க" என்றேன். "ஆணக் குடுக்க வேண்டாம்னு இருக்கறமுங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அட, என்னங்க இது. அங்க அதுக்குன்னு ஒரு பொட்டய ஒதுக்கி வெச்சுட்டனுங்களே. அன்னைக்கு ஊரக் கூட்டாத கொறையாக் கடிக்குது கடிக்குதுன்னு சொன்னீங்க. இப்பப் பேச்ச மாத்துனா எப்படீங்க?"

"கடிச்சது அதுதானுங்க. ஆனாத் தப்பு என்னோடது. பழிய அதுமேல சொல்லிப்போட்டேன்."

நடந்ததைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை, சோப்பு, சாம்பிராணி, காது. அவருக்கு அது பாதி புரிந்தது போலவும் பாதி நம்பாதது போலவும் இருந்தது. "நான் கொட்டாயில மாசத்துக்கு ஒருக்கா ஹோஸ்ல தண்ணி அடிக்கறதோட செரிங்க" என்றார். "எதுக்கும் ஒருக்காப் பாத்துப்போடறேன். அப்பறம் நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்குத்தான் சங்கட்டம்."

பின்னறைக்கு வந்தார். வாடை அவரைத் தொந்தரவு செய்ததாகத் தெரியவில்லை. பையின் வாயை விரித்து உள்ளே எட்டிப் பார்த்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். ஆணின் முதுகுக் கோடு தெரிந்தது. அதன் வயிற்றுக்கும் வாலுக்கும் நடுவே பெண்ணின் முகம் மட்டும். காதின் கிழிந்த ஓரம் நன்றாகக் காய்ந்து கறுத்திருந்தது. அவர் ஒரு விரலை உள்ளே விட்டார். கிரைண்டிங் சத்தம் கிளம்பியது. அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

"என்னையத்தான் வையுது" என்றார். "அவளக் கட்டிப் புடிச்சுக்கிட்டு."

வாசலில் காலிப் பெட்டியைத் திரும்பக் கட்டும்போது சொன்னார். "செரிங்க, இருக்கட்டும். ஆனாத் திரும்பக் கடிச்சுதுன்னு போன் பண்ணாதீங்க. இன்னொருக்கா வரமாட்டேன்."

"பண்ணமாட்டனுங்க" என்றேன். சொல்லும்போதே பயமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை என்ன ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் இவர் டிவியைப் போட்டார், சத்தமாக. நான் சும்மா இருக்க முடியாமல் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு முன்வாசல் கேட்டைக் கழுவ ஆரம்பித்தேன். நான்கு நாள் முன்னால்தான் நோம்பிக்காகக் கழுவிய கேட். கம்பி கம்பியாகத் தேய்த்தேன். இரண்டாவது வாளியும் ஆயிற்று. மூன்றாவது வாளிக்கு உள்ளே வந்தபோது பின்னறைக் கதவு திறந்திருந்தது. அதைச் சாத்திவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்ப வெளியே போனேன்.